மழை வந்தால் தெரியும்: ரோட்ஸ்டரா, கன்வெர்ட்டிபிளா, கூபேயா?

பழைய அமெரிக்கக் கார் விற்பவரிடம் "இது என்ன பாடி?" என்று கேட்டால், வருகிற பதிலைக் காதில் வாங்கிக்கொள்வதோடு சரி. நான் நம்புவதில்லை. கூரை துணியாக இருந்தால் ஒருவர் ரோட்ஸ்டர் என்பார், இன்னொருவர் கன்வெர்ட்டிபிள் என்பார், மூன்றாமவர் கேப்ரியோலே என்பார். மூன்று பேரும் ஒரே காரைத்தான் காட்டிக்கொண்டிருப்பார்கள். நான் நேராகப் போய்க் கதவைத் திறந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி இருக்கிறதா என்று பார்ப்பேன். பாதி விஷயம் அதிலேயே முடிந்துவிடும்.

தொழில் புத்தி அப்படி. டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில், கார்க் கதவுகளுக்கு ரப்பர் பீடிங் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். கதவை மூடிவிட்டு நாலா பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, உள்ளே எந்த மூலையில் சொட்டுகிறது என்று டார்ச் வைத்துத் தேடுவதுதான் பிழைப்பு. அதனால் எந்தக் காரைப் பார்த்தாலும் மழை பெய்தால் இதற்குள் என்ன ஆகும் என்றுதான் முதலில் தோன்றும். பழைய கார் ஆசை என் வீட்டுக்காரருக்கு வந்தது. கார் தேட அலைந்தது இரண்டு பேரும். அந்த அலைச்சலில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தப் பாடி வகைகள் எல்லாமே மழையையும் காற்றையும் எப்படிச் சமாளிப்பது என்ற ஒரே கேள்விக்கு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விலையில் சொல்லப்பட்ட பதில்கள். அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் பெயர்க் குழப்பம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ரோட்ஸ்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் டூல் அண்ட் டை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1930 ஃபோர்ட் மாடல் ஏ ரோட்ஸ்டர் இருக்கிறது. ஒரு நாள் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் முன்னால் அவர் பக்கத்தில். என் வீட்டுக்காரர் பின்னால், டிக்கி மூடியைத் திறந்தால் இருக்கையாக விரியும் ரம்பிள் சீட்டில். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்ஸ்டரில் துணி டாப் இருக்கிறது, ஆனால் கதவில் கண்ணாடி கிடையாது. கண்ணாடி இறங்கியிருப்பதாக நினைத்துவிடாதீர்கள், கதவுக்குள் கண்ணாடியே இல்லை. அதற்குப் பதிலாக, ஒளிபுகும் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்துத் தைத்த துணித் திரைகள் தனியாகச் சுருட்டி வைத்திருக்கும். வண்டியை ஓரம்கட்டி, டாப்பை விரித்து, திரையின் கம்பிகளைக் கதவின் துளைகளில் செருகி, பித்தான்களை ஒவ்வொன்றாக மாட்டவேண்டும். மாட்டி முடிப்பதற்குள் மழை ஒரு ஆட்டம் ஆடிவிட்டது. மாட்டிய பிறகும் திரைக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. ரம்பிள் சீட்டில் இருப்பவருக்கு இந்த டாப்பும் இல்லை, திரையும் இல்லை. இவர் தொப்பலாக நனைந்துகொண்டே சிரித்தார். இவருக்கு ஆசை முற்றியதும் அன்றைக்குத்தான்.

இப்படி ஒரு காரை ஏன் செய்தார்கள் என்றால், அது மலிவு. இன்று ஏலங்களில் ரோட்ஸ்டர் எகிறுகிற விலையைப் பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். மாடல் ஏ 1927 டிசம்பரில் அறிமுகமானபோது ரோட்ஸ்டர் 385 டாலர், நாலு கதவு மூடிய காரான ஃபோர்டோர் 570 டாலர். ரோட்ஸ்டர்தான் பட்டியலில் கடைசி. கூரையும் கண்ணாடியும் காசு உள்ளவர்களுக்கு. 1919 வாக்கில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய பாடி, மீதி எல்லாம் திறந்த வண்டி. 1922இல் ஹட்சன் நிறுவனம் எஸ்ஸெக்ஸ் கோச் என்று பெட்டி மாதிரி ஒரு மூடிய காரை 1,495 டாலருக்கு விட்டது. மூன்று வருஷத்தில் அதன் விலையை எஸ்ஸெக்ஸின் திறந்த காருக்கும் கீழே இறக்கிவிட்டது. 1927க்குள் கணக்கு தலைகீழாகிப் பத்தில் எட்டுக்கு மேல் மூடிய கார்கள். மழையிலும் மிச்சிகன் பனியிலும் நனைந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விற்பனை குறைந்ததால் ரோட்ஸ்டர் அரிதானது, அரிதானதால் இன்று விலை.

விலைக்கு இன்னொரு காரணம் கலிஃபோர்னியா. முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் ஃபோர்ட் ரோட்ஸ்டர்களைக் கழற்றி எடை குறைத்து ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள். 1937இல் அமைந்த அவர்களுடைய சங்கம் ஆரம்ப காலத்தில் நிலையான கூரை வைத்த கூபேக்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. வி8 எஞ்சினோடு வந்த 1932 ஃபோர்ட் ரோட்ஸ்டருக்கு இருக்கிற மவுசு அங்கே பிறந்ததுதான்.

வாங்குகிறவர் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தப் பந்தயக்காரர்கள் முதலில் கழற்றி எறிந்தவை டாப்பும் அதன் இரும்புச் சட்டங்களும்தான். அதனால் பாடி நன்றாக இருந்தும் டாப் சட்டமே இல்லாத ரோட்ஸ்டர்கள் நிறையச் சுற்றுகின்றன. "துணிதானே, தைத்துக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொல்வார். துணி ஒரு செலவே இல்லை. அதைத் தாங்கும் மர வளைவுகளும் இரும்பு மூட்டுகளும்தான் செலவு. காரைப் பார்க்கப் போனால் டாப்பை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், பக்கத் திரைகளையும் கேளுங்கள். இன்னொன்று: ஓஹையோவில் புரூக்வில் ரோட்ஸ்டர் என்ற நிறுவனம் மாடல் ஏ, 1932 ஃபோர்ட் ரோட்ஸ்டர் பாடிகளைப் புது எஃகில் அச்சடித்து விற்கிறது. நல்ல வேலைப்பாடு. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புதுப் பாடிக்கு ஒரு விலை, ஹென்றி ஃபோர்ட் காலத்து இரும்புக்கு வேறு விலை. ஃபைபர் பாடியும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பையில் ஒரு காந்தம் போதும். எஃகுப் பாடியில் கனமாகப் பட்டி பூசி மறைத்த இடங்களையும் அதே காந்தம் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கேப்ரியோலே. மாடல் ஏ வரிசையில் 1929இல் சேர்ந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் ரோட்ஸ்டர் மாதிரியே இரண்டு கதவு, துணி டாப், பின்னால் ரம்பிள் சீட். பக்கத்தில் போனால் கதவில் கண்ணாடி இருக்கும், சுழற்றி ஏற்றலாம். இந்த ஒரு வசதிக்காக மற்ற எல்லாம் மாறிவிடுகிறது. கண்ணாடி இறங்க இடம் வேண்டும் என்பதால் கதவு தடிமன். ஏறிய கண்ணாடி முன்னால் எதிலாவது உட்காரவேண்டும், அதனால் முன் கண்ணாடியின் தூண்கள் பாடியோடு சேர்ந்து உறுதியாக நிற்கும். ரோட்ஸ்டரில் அந்தத் தூண்கள் மெல்லியவை, போல்ட் போட்டு முடுக்கியவை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். டாப்பும் கண்ணாடியின் மேல்விளிம்பை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி கனமாக இருக்கவேண்டும். ஆகவே ஒன்றின் கதவு மற்றதற்குப் பொருந்தாது, டாப் பொருந்தாது, முன் கண்ணாடிச் சட்டம் பொருந்தாது. கேப்ரியோலேக்கு உதிரிபாகம் கிடைப்பது ரோட்ஸ்டரைவிடக் கஷ்டம். விளம்பரத்தில் ரோட்ஸ்டர் என்று போட்டு, நேரில் போனால் கேப்ரியோலே நிற்கிற அனுபவம் எங்களுக்கு ஒரு முறைக்கு மேல் நேர்ந்தது. விற்பவர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்லமாட்டேன். தாத்தா அப்படித்தான் கூப்பிட்டார் என்பார்கள்.

போதாக்குறைக்குக் கம்பெனிகளும் குழப்பினார்கள். கண்ணாடி ஏறி இறங்கும் காருக்கு பேக்கார்டு வைத்த பெயர் கூபே ரோட்ஸ்டர். அதனால்தான் பெயரை விட்டுவிட்டுக் கதவைப் பாருங்கள் என்கிறேன். 1930களில் இந்தக் கண்ணாடி வைத்த வகைதான் கன்வெர்ட்டிபிள் என்ற பெயரில் நிலைத்தது. ரோட்ஸ்டர் மெல்ல ஒழிந்தது. செவ்ரலே 1935 மாடலோடு நிறுத்தியது, ஃபோர்ட் 1937 மாடலோடு. 1939இல் பிளிமத் பட்டனை இழுத்தால் டாப் தானாக ஏறுகிற வசதியைக் கொண்டுவந்தது. ரம்பிள் சீட்டும் அந்த வருஷத்தோடு போயிற்று.

ரோட்ஸ்டருக்கும் கன்வெர்ட்டிபிளுக்கும் நடுவில் கதவுக் கண்ணாடி போடும் இந்தக் கோடு எவ்வளவு சரியானது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி செவ்ரலேயின் கார்வெட். 1953இல் மிச்சிகனின் ஃபிளிண்ட் நகரில் 300 கார்கள் செய்தார்கள், எல்லாம் வெள்ளை. ஃபைபர் பாடி, அந்தக் காலத்துக்கு அதிநவீனம். ஆனால் கதவில் கண்ணாடி கிடையாது, செருகுகிற பக்கத் திரைதான். வெளியே கதவுக் கைப்பிடிகூடக் கிடையாது, உள்ளே கைவிட்டுத் திறக்கவேண்டும். அதாவது மாடல் ஏ ரோட்ஸ்டரின் மழைச் சிக்கல் அப்படியே திரும்பி வந்திருந்தது. 1955 மாடலாக ஃபோர்ட் விட்ட தண்டர்பேர்டில் ஏறி இறங்கும் கண்ணாடி இருந்தது, மாட்டிக் கழற்றும் ஃபைபர் கூரையும் இருந்தது. அந்த வருஷமே 16,000க்கு மேல் செய்தார்கள். 1956 கார்வெட்டுக்குக் கதவுக் கண்ணாடி வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஆக 1955 வரை கார்வெட் ரோட்ஸ்டர், 1956 முதல் கன்வெர்ட்டிபிள். விற்பவர் எல்லாவற்றையும் ரோட்ஸ்டர் என்பார், தலையாட்டிவிட்டுப் போங்கள்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்று மாடல் ஏ ஸ்போர்ட் கூபே. துணி போர்த்திய கூரை. பின்பக்க மூலையில், டாப்பை மடக்கும் மூட்டு மாதிரியே வளைந்த இரும்பு. இதைப் பார்த்தவுடன் யாரும் மடங்குகிற டாப் என்றுதான் நினைப்பார்கள். அந்த இரும்பு வெறும் அலங்காரம், கூரை அசையாது. திறந்த காரின் ஒய்யாரமும் வேண்டும், நனையவும் கூடாது என்பவர்களுக்கான வண்டி. என் கண்ணுக்கு இது மிக அழகான மாடல் ஏ. என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார், பொய் சொல்கிற கார் வேண்டாமாம்.

சரி, கூபேக்கு வருவோம். நிலையான கூரை, இரண்டு கதவு, பெரும்பாலும் ஒரே வரிசை இருக்கை. இதில் ஜன்னலை எண்ணிப் பேசுவார்கள், முன் கண்ணாடியைச் சேர்க்காமல். கதவுக்கு ஒன்றாக இரண்டு, பின்னால் ஒன்று என்றால் மூன்று ஜன்னல் கூபே. கதவுக்குப் பின்னால் பக்கத்துக்கொரு சின்ன ஜன்னலும் இருந்தால் ஐந்து ஜன்னல் கூபே. 1932 ஃபோர்டில் மூன்று ஜன்னல் கூபேயின் கதவு பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும், ஐந்து ஜன்னல் கூபேயின் கதவு வழக்கம்போல் முன்பக்கக் கீல். இதை நினைவில் வைத்திருந்தால் தூரத்திலேயே பிரிக்கலாம். பின் இருக்கையே வைக்காமல் டிக்கியைப் பெரிதாக வைத்தது பிசினஸ் கூபே. ஊர் ஊராகச் சரக்கு மாதிரிகளை எடுத்துப் போகிற விற்பனைப் பிரதிநிதிகளுக்கானது. பின்னால் சின்ன இருக்கை வைத்தால் கிளப் கூபே.

நாங்கள் கடைசியில் வாங்கியது 1930 மாடல் ஏ ஐந்து ஜன்னல் கூபே, ரம்பிள் சீட்டோடு. அவருக்கு நனைய ரம்பிள் சீட், எனக்கு நனையாமல் இருக்க முன் இருக்கை, சண்டை தீர்ந்தது. இந்த கூபேயில் நான் ரசிக்கிற விஷயம் பின் கண்ணாடி. அதையும் சுழற்றி இறக்கலாம். இறக்கினால்தான் ரம்பிள் சீட்டில் இருப்பவரோடு பேசமுடியும், ஒரு சாண்ட்விச் நீட்டமுடியும். கோடையில் எஞ்சின் சூடு காலடிப் பலகை வழியாக ஏறி வரும், அப்போது முன் கண்ணாடியின் அடிப்பகுதியை வெளியே தள்ளித் திறந்துகொள்ளலாம். ரோட்ஸ்டர்க்காரர்கள் ஜூலை வெயிலில் வெந்துகொண்டு வரும்போது நான் நிழலில் காற்று வாங்கிக்கொண்டு போவேன். குழந்தைகளை மட்டும் ரம்பிள் சீட்டில் ஏற்றிச் சாலையில் ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிறோம். பெல்ட் கிடையாது, பின்னால் இடித்தால் காப்பாற்ற ஒன்றும் கிடையாது. ஏறி இறங்குவதே பம்பரிலும் மட்கார்டிலும் பதித்த சின்ன மிதிகட்டைகள் வழியாகத்தான்.

கூபேயை நான் சிபாரிசு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. அதே வருஷம், அதே எஞ்சின், அதே சேசிஸ் (அடிச்சட்டம்), விலை மட்டும் ரோட்ஸ்டரைவிடக் குறைவு. ஓட்டி அனுபவிக்க நினைப்பவர்கள் கூபேயில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

ஃபோர்டா செவ்ரலேயா என்று ஊசலாடுபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவேண்டும். 1930களின் நடுப்பகுதி வரை செவ்ரலே உள்ளிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ஃபிஷர் நிறுவனம் செய்த பாடி, மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்தது. 1935இல் ஒரே எஃகுத் தகட்டால் ஆன கூரை வந்தது, அதற்கு முன்னால் மூடிய காரின் கூரை நடுவில்கூடத் துணிதான். ஃபோர்டிலும் மரம் உண்டு, ஆனால் மாடல் ஏ ரோட்ஸ்டர், கூபே பாடிகளில் எஃகுதான் பெரும்பங்கு. கூரை ஓரமாக இறங்கிய தண்ணீர் பல பத்தாண்டுகள் மரத்தில் ஊறினால் என்ன ஆகும்? வெளியே தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே கீல் தூண் மாவாக இருக்கும். கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைக் கையால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கதவோடு தூணும் ஆடினால் உங்களுக்குத் தேவை டிங்கர் இல்லை, தச்சர். ஒரே காலத்துச் செவ்ரலே ஃபோர்டைவிட மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டு வாங்கியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். இன்னும் கராஜில் மரம் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போருக்குப் பிந்தைய கார்களில் குழப்பம் வேறு மாதிரி. 1949இல் ப்யூக் ரோட்மாஸ்டர் ரிவியரா, காடிலாக் கூப் டி வில், ஓல்ட்ஸ்மொபில் 98 ஹாலிடே என்று ஜெனரல் மோட்டார்ஸ் மூன்று கார்களை விட்டது. எஃகுக் கூரைதான், ஆனால் கதவுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவில் தூண் இல்லை. எல்லாக் கண்ணாடியையும் இறக்கினால் பக்கம் முழுக்கத் திறந்துகிடக்கும். இதுதான் ஹார்ட்டாப். ப்யூக்கின் உற்பத்தி அதிகாரி எட்வர்ட் ராக்ஸ்டேலின் மனைவி எப்போதும் கன்வெர்ட்டிபிளே வாங்குவாராம், ஆனால் தலைமுடி கலையும் என்று டாப்பை இறக்கவே மாட்டாராம், அதில் பிறந்த யோசனைதான் இது என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, அந்த அம்மாவை எனக்குப் புரிகிறது. கம்பெனிகள் இதற்கு வைத்த விளம்பரப் பெயர் ஹார்ட்டாப் கன்வெர்ட்டிபிள். ஆனால் கூரை இறங்காது! செவ்ரலேயோ தன் ஹார்ட்டாப்பை ஸ்போர்ட் கூபே என்று அழைத்தது. மாடல் ஏ ஸ்போர்ட் கூபேக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பீடிங்காரியாகச் சொல்கிறேன், ஹார்ட்டாப் ஒரு தலைவலி. கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லை, அது மேலேறி ரப்பரில் அழுந்தி நிற்கவேண்டும். கதவுக் கண்ணாடியின் பின்விளிம்பும் பின் ஜன்னல் கண்ணாடியின் முன்விளிம்பும் ஒன்றையொன்று சந்திக்கிற செங்குத்துக் கோட்டில்தான் காற்று விசிலடிக்கும், தண்ணீர் இறங்கும். கண்ணாடியை உள்ளே வெளியே, முன்னே பின்னே நகர்த்தச் சரிக்கட்டும் திருகுகள் கதவுக்குள் இருக்கும். புது ரப்பர் வாங்கி ஒட்டியும் ஒழுகுகிறது என்று புலம்புபவர்கள் இந்தத் திருகுகளைத் தொட்டிருக்க மாட்டார்கள். முதலில் கண்ணாடியைச் சரியான இடத்தில் நிறுத்துங்கள், அப்புறம் ரப்பர். ஒரு தாள் துண்டை இடுக்கில் வைத்துக் கண்ணாடியை ஏற்றி, தாளை இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் ஒழுகும்.

1957 செவ்ரலே பெல் ஏரை எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் தெரிந்த முகம். அந்த வருஷம் ஹார்ட்டாப் 1,66,000க்கு மேல் செய்தார்கள், கன்வெர்ட்டிபிள் சுமார் 47,500. வி8 எஞ்சினோடு ஹார்ட்டாப் 2,399 டாலர், கன்வெர்ட்டிபிள் 2,611 டாலர். முப்பது வருஷத்தில் விலை வரிசை எப்படிப் புரண்டுவிட்டது பாருங்கள், திறந்த கார் இப்போது மேல்தட்டு. இன்றைக்கும் கன்வெர்ட்டிபிளுக்குத்தான் கூடுதல் விலை. அதனால் மற்ற பாடியை அறுத்துக் கன்வெர்ட்டிபிள் ஆக்குகிற வேலையும் நடக்கும். கம்பெனி காரில் பதித்த வண்டி எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் முடியாது. 1957 எண்ணில் சி என்ற எழுத்து பெல் ஏர் என்று மட்டும் சொல்லும், எந்தப் பாடி என்று சொல்லாது. எஞ்சின் அறைப் பின்சுவரில் ஆணியடித்த சின்னத் தகட்டைப் பாருங்கள். 57-1067D என்றிருந்தால் கன்வெர்ட்டிபிள், 57-1037D என்றிருந்தால் ஹார்ட்டாப். தகடும் இடம் மாறக்கூடியது, ஆகவே காருக்கு அடியில் படுங்கள். கன்வெர்ட்டிபிளின் சேசிஸ் நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டம் இருக்கவேண்டும். கூரை போனதால் குறைந்த உறுதியை ஈடுகட்ட வைத்தது அது. ஹார்ட்டாப் சேசிஸில் அது கிடையாது. நல்ல உடையில் கார் பார்க்கப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அதே 1957இல் ஃபோர்ட் ஸ்கைலைனர் என்று, எஃகுக் கூரையே மடங்கி டிக்கிக்குள் இறங்கும் காரையும் விட்டது. மூன்று வருஷம் ஓடியது. ஏழு மின் மோட்டார்கள், கணக்கில்லாத ஒயர்கள். பார்க்கப் பிரமாதம். கூரை உள்ளே போய்விட்டால் டிக்கியில் ஒரு சின்னப் பெட்டிதான் வைக்கலாம். பொறுமையான எலக்ட்ரீஷியன் வீட்டில் இருந்தால் வாங்குங்கள்.

ஃபோர்ட் மஸ்டாங்கில் ஆபத்து இன்னும் ஆழம், ஏனென்றால் அதில் தனியாகச் சேசிஸ் கிடையாது. பாடியேதான் எலும்புக்கூடு. கூரையை எடுத்த மஸ்டாங் மூடி எடுத்த அட்டைப்பெட்டி மாதிரி, முறுக்கினால் வளைந்துகொடுக்கும். அதனால் ஃபோர்ட் கன்வெர்ட்டிபிளுக்குக் கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பகுதியின் உட்புறத்தில் கூடுதல் தகடுகளும், முன் இருக்கைகளுக்கு அடியில் தளத்தின் கீழ் வலுத் தகடும் வைத்தது. 1964 ஏப்ரல் 17 அன்று ஹார்ட்டாப்பும் கன்வெர்ட்டிபிளும் வந்தன, சரிந்த கூரை வைத்த ஃபாஸ்ட்பேக் சில மாதம் கழித்து வந்தது. 1965 மாடல் வருஷக் கணக்கில் ஹார்ட்டாப் ஐந்து லட்சம், கன்வெர்ட்டிபிள் ஒரு லட்சம் சொச்சம், ஃபாஸ்ட்பேக் 77,000. இதில் வண்டி எண் உதவும். மூன்றாவது, நான்காவது இடங்களில் 07 என்றால் ஹார்ட்டாப், 08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். கதவில் உள்ள தகட்டை நம்பவேண்டாம், கதவு மாறியிருக்கலாம். பானெட்டைத் திறந்து ஓட்டுநர் பக்கத்து உள் மட்கார்டில் அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள்.

கன்வெர்ட்டிபிள் மஸ்டாங் பார்க்கப் போனால் நான் முதலில் கதவு இடைவெளியைத்தான் பார்ப்பேன். கதவின் பின்விளிம்பு இடுக்கு மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. ராக்கர் உள்ளே துரு தின்றிருக்கும், வெளியே பெயிண்ட் மினுங்கும். முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். தரையில் சுலபமாக மூடிய கதவு தூக்கியதும் இடித்தால், பேரத்தை வேறு எண்ணில் ஆரம்பிக்கலாம். ராக்கர் மாற்றுகிற வேலைக்குக் கொடுத்தால், தகட்டை அறுப்பதற்கு முன்னால் கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் நடுவில் குறுக்குக் கம்பி வெல்டு செய்தார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். எடை சக்கரங்களின் மேல், அச்சில் நிற்கவேண்டும், நடுவில் முட்டுக் கொடுக்கக் கூடாது. இதைச் செய்யாமல் அறுத்த ஒரு காரைப் பார்த்தேன். புது ராக்கர், புது பெயிண்ட், கதவு மட்டும் ஜென்மத்துக்கும் சேராது. எல்லா வகை மஸ்டாங்குக்கும் பொதுவான ஒரு சோதனை: முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். உள்ளே கால் வைக்கும் இடத்தில் சொட்டினால், டேஷ்போர்டுக்குப் பின்னால் துரு. அதைச் சரிசெய்ய முன்பக்கத்தையே பிரிக்கவேண்டும். விற்பவர் ஊற்ற விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

முதலீட்டுக்காக வாங்குகிறேன் என்பவர்களிடம் 1976 காடிலாக் எல்டோராடோவைச் சொல்வேன். அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள் என்று விளம்பரம் செய்து 14,000 விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் ஓட்டாமலே பூட்டி வைத்தார்கள். 1982இல் கிரைஸ்லர் லெபாரன் கன்வெர்ட்டிபிளாக வந்தது, 1984இல் காடிலாக்கே மறுபடி ஒன்றை விட்டது. எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்ததால் நல்ல நிலையில் இன்றும் நிறையக் கிடைக்கிறது, அரிது என்று சொல்லமுடியவில்லை.

வாங்குவதற்கு முன் எல்லா வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: செப்டம்பரில் மிச்சிகனின் டியர்பார்னில் கிரீன்ஃபீல்ட் வில்லேஜில் நடக்கும் ஓல்டு கார் ஃபெஸ்டிவலில் 1932 வரையான வண்டிகள் ஓடும். ஹிக்கரி கார்னர்ஸில் கில்மோர் அருங்காட்சியக வளாகத்துக்குள் மாடல் ஏவுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் உண்டு. 1950, 60களின் கார்களுக்கு ஆகஸ்டில் உட்வர்ட் சாலையில் நடக்கும் டிரீம் குரூஸ் என்ற கார் ஊர்வலம். உதிரிபாகத்துக்கு அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் நடக்கும் பழைய கார்ச் சந்தை. சொந்தக்காரர்களிடம் டாப்பை ஏற்றி இறக்கிக் காட்டச் சொன்னால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். அப்போது கையைப் பாருங்கள், எத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள், எங்கே விரல் நசுங்குகிறது என்று.

ஹெர்ஷி முடிந்து கன்வெர்ட்டிபிளை வாங்கி வீட்டுக்கு ஓட்டி வருகிறவர்களுக்கு ஒன்று. அக்டோபர் காலையில் பின் கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் டாப்பை மடக்காதீர்கள். குளிரில் விறைத்த பிளாஸ்டிக் மடிப்பில் நேராக விரிசல் விடும். ஈரத் துணியையும் மடக்கி வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துத் தையல் இற்றுப்போகும். நிறுத்தி வைக்கும் மாதங்களில் டாப்பை ஏற்றி, இறுக்கி மாட்டி, கதவுக் கண்ணாடியை ஒரு விரல் கடை மட்டும் இறக்கி வையுங்கள். அப்போதுதான் ரப்பர் நசுங்கிப் பள்ளம் விழாமல் இருக்கும்.